விமானத்தின் வாலில் துணிக்கொடி

அத்தியாயம் 11

"ஒரு ஜட்டியை நான் கைது பண்ணணும்கிறீங்களா?" என்று கேட்டுவிட்டு ஷெரீஃப் தொப்பை குலுங்கச் சிரித்தார்.

வெர்னா ஷ்ராக் சிரிக்கவில்லை. எழுபதை நெருங்கும் அந்த அம்மாள் கோட்டைக்கூடக் கழற்றாமல், கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்தபடி நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். என் பாஸ் லொரெய்ன் அன்ரூவும் சிரிக்கவில்லை. பாதி ஆயுசை ரயில்வே போலீஸில் கழித்துவிட்டு, இப்போது சொந்தமாகத் துப்பறிகிற பெண்மணி. அவர் வாயைத் திறக்காமல் இருந்தால் உள்ளே கொதிக்கிறது என்று அர்த்தம். எனக்கு அந்தக் கட்டுப்பாடெல்லாம் கிடையாது.

"ஜட்டி இல்ல சார், முழுக்கால் உள்ளாடை. சட்டத்தோட ஆபீஸ்ல இதெல்லாம் சரியா சொல்லணும்," என்றேன்.

"ஓட்டிஸ் பெல்ட்ரான், உன்னை யாராவது கேட்டாங்களா?"

"இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல. நானாத்தான் சொல்லிக்கிட்டுத் திரியறேன்."

ஷெரீஃப் என்னை விட்டுவிட்டு வெர்னாவின் பக்கம் திரும்பினார். குரலில் சர்க்கரையைக் கொட்டிக்கொண்டார்.

"வெர்னா, உங்க துக்கம் எனக்குப் புரியுது. பிப்ரவரியிலேர்ந்து நீங்க படற பாடு ஊருக்கே தெரியும். ஹீட்டர்ல மண்ணெண்ணெய் கூடிப்போச்சு, தீப்பிடிச்சுடுச்சு. யாருக்கு வேணா நடக்கலாம். அதுக்காக யாரோ ஒருத்தர் செஞ்ச பொம்மை ரயில்ல தொங்கற துணியைப் பார்த்துட்டு இங்க வந்தா எப்படி? வீட்டுக்குப் போங்க. சூடா ஏதாவது சாப்பிடுங்க."

யாருக்கு வேண்டுமானாலும் நடக்கலாமாம். பத்து மாதமாக இந்த ஊர் அந்த அம்மாளிடம் இதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறது. மளிகைக் கடையில், சர்ச் வாசலில், பாங்கில், முகத்தை அன்பாக வைத்துக்கொண்டு. உன் புருஷனை நீதான் கொன்றாய், ஆனால் நாங்கள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை என்பதுதான் அதற்கு அர்த்தம். எனக்கு அந்தக் கரிசனத்தைக் கேட்டாலே யாரையாவது அறைய வேண்டும் போலிருந்தது.

லொரெய்ன் எழுந்தார். "மத்தியானம் பள்ளிக்கூட ஜிம்முக்கு ஒரு ஆளை அனுப்பி வையுங்க. யூனிஃபார்மோட."

"எதுக்கு?"

"உள்ளாடைக்குச் சொந்தக்காரனைக் கூட்டிட்டுப் போக."

* * *

காரில் ஏறியதும் லொரெய்ன் இன்ஜினைக் கிளப்பாமல் பின்சீட்டுப் பக்கம் திரும்பினார்.

"வெர்னா, இன்னொரு தடவை சொல்லுங்க. தபால் வந்ததுலேர்ந்து."

"தீப்பிடிச்ச அன்னிக்குக் காலையில வந்துச்சு. எம்போரியாவிலேர்ந்து," என்றார் வெர்னா. "அவரோட ரயில்ல கரி அள்ளிப்போட்ட ஃபயர்மேன் ஒருத்தர் செத்துப்போய், பொண்ணு வீட்டைக் காலி பண்றப்ப பழைய போட்டோ ஒண்ணு கிடைச்சிருக்கு. யுத்தக் காலத்துல எடுத்தது. ஃபாக்டரியிலேர்ந்து சண்டை விமானத்தை, இறக்கையைக் கழட்டி, ரயில்ல ஏத்தி அனுப்புவாங்கல்ல... அந்த ரயில். அதைப் படம் எடுத்தா ஜெயில்தான். அந்த மனுஷன் திருட்டுத்தனமா எடுத்து ஒளிச்சு வெச்சிருக்கார்."

"உங்க வீட்டுக்காரர் ஹார்லன் அந்த ரயில்ல கார்டா போனவர்."

"ஆமா. நாலு வருஷமா பேஸ்மென்ட்ல அதைத்தான் குட்டியாச் செஞ்சுக்கிட்டிருந்தார். ரெண்டு வண்டியில ரெண்டு விமானம், மூணாவது வண்டியில இறக்கைங்க. எல்லாத்தையும் தையல் நூலால கட்டி வெச்சிருப்பார். ஞாபகத்துலேர்ந்துதான் செஞ்சார். அன்னிக்குத்தான் போட்டோவே வந்துச்சு. பார்த்துட்டுச் சிரிக்கறார், சிரிக்கறார், கண்ணுல தண்ணி வந்துடுச்சு."

"என்ன இருந்துச்சு அதுல?"

"காவலுக்குப் போன சிப்பாய் விமானத்தோட வாலுக்கும் கட்டைக்கும் நடுவுல கயித்தைக் கட்டி, துவைச்ச துணியெல்லாம் காயப் போட்டிருந்தான். 'அடக் கடவுளே, இதை எப்படி நான் மறந்தேன்'னார். சாப்பிட்டு முடிச்சதும் என் கப்புல இருந்த டீப் பையைப் பிச்சு, தூளைக் கொட்டிட்டு, அந்தத் தாளை எடுத்துக்கிட்டார். மெல்லிசா துணி மாதிரியே இருக்குமாம். 'நீ வர்றதுக்குள்ள கொடியில தொங்கும் பாரு'ன்னார். நான் சர்ச்சுல பொம்பளைங்களோட போர்வை தைக்கப் போயிட்டேன். திரும்பி வந்தப்ப..."

அவர் கைப்பையைத் திறந்து கைக்குட்டையைத் தேடினார்.

"அதுக்கு முந்தின ஞாயித்துக்கிழமை பொம்மை ரயில் கிளப்பே வந்து அந்த ரயிலைப் பார்த்துட்டுப் போச்சு," என்றார் லொரெய்ன் என்னிடம். "அப்ப கொடி கிடையாது. அது உண்டானதே தீப்பிடிச்ச அன்னிக்கு மத்தியானம். ரயிலும் அவரோட சேர்ந்து சாம்பலாயிடுச்சுன்னு எல்லாரும் நினைச்சுக்கிட்டிருக்கோம். இப்ப ஜிம்முல நடக்கற டிசம்பர் கண்காட்சியில, பல் டாக்டர் ட்ரூபி பேர்ல, கொடியும் துணியுமா நிக்குது."

"பன் விக்கப் போனேன், சர்ச் ஸ்டால்ல," என்றார் வெர்னா. "சும்மா சுத்திப் பார்த்தேன். என் டீப் பை தொங்குது."

"அப்ப எடுத்தவன் அன்னிக்கு அந்த பேஸ்மென்ட்ல இருந்திருக்கான். பாஸ், ட்ரூபியை நேராப் போய்ப் பிடிச்சா என்ன?" என்றேன். "ஹார்லன் ஒருதடவை எல்லார் முன்னாடியும் அவன் செஞ்ச பாலத்தைப் பார்த்து, 'இது மேல எலி நடந்தாலே விழுந்துடும்'னார். அதுலேர்ந்து பேச்சு வார்த்தையே இல்ல."

"பிடிச்சு? 'நானே செஞ்சேன்'ம்பான். ஷெரீஃப் மறுபடி தொப்பையைக் குலுக்குவார்."

வெர்னா முன்சீட்டின் முதுகைப் பிடித்துக்கொண்டு முன்னால் சாய்ந்தார். "லொரெய்ன், திருடன் யாருங்கறது எனக்கு வேண்டாம். ரயிலும் வேண்டாம். அந்த ஹீட்டர்ல எண்ணெய் ஊத்தினது நான். பத்த வெச்சதும் நான். அவருக்குக் குளிருமேன்னு. எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் தெரியணும். அவரைக் கொன்னது நானா, இல்லையா?"

லொரெய்ன் காரைக் கிளப்பினார்.

* * *

கான்சாஸ் முழுவதும் இருக்கிற பொம்மை ரயில் பைத்தியங்கள் அத்தனை பேரும் அந்த ஜிம்மில் இருந்தார்கள். நெப்ராஸ்கா, ஓக்லஹோமா ஆட்களும் உண்டு. ஒரு மூலையில் சர்ச் பெண்கள் மிளகாய்க் குழம்பும் பட்டை போட்ட இனிப்பு ரொட்டியும் விற்றுக்கொண்டிருந்தார்கள். நான் அந்தப் பக்கம் நகர்ந்தேன். லொரெய்ன் என் காலரைப் பிடித்து இழுத்தார்.

"வழி! வழி!" என்று யாரோ கத்தினார்கள். கூட்டம் இரண்டாகப் பிளந்தது. ஒரு கிழவர் மரத்தட்டு ஒன்றை நெஞ்சுக்கு நேராக ஏந்திக்கொண்டு, மூச்சுகூட விடாமல், அடிமேல் அடி வைத்து வந்தார். தட்டின் நடுவில் ஒரே ஒரு சரக்கு வண்டி.

"எங்க அக்கா பிள்ளையை ஆஸ்பத்திரியிலேர்ந்து தூக்கிட்டு வந்தப்பகூட எங்க வீட்ல இவ்வளவு பத்திரமாத் தூக்கல," என்றேன்.

"பிள்ளை விழுந்தா அழும். இது விழுந்தா இவங்க அழுவாங்க," என்று பின்னாலிருந்து ஒரு குரல் சிரித்தது.

மெர்ல் ரெகியர். ஹார்லனின் உயிர் நண்பர், பின்தெருவில் வீடு. தீ விபத்தன்று முதலில் புகையைப் பார்த்து தீயணைப்புக்குப் போன் செய்தது அவர்தான். சவப்பெட்டியைத் தூக்கியதும் அவர்தான். அதற்கப்புறம் வெர்னா வீட்டுப் புல்லை வெட்டுவது, மருந்து வாங்கி வருவது, ஞாயிற்றுக்கிழமை மதியம் கூட உட்கார்ந்து சாப்பிடுவது என்று எல்லாம் அவர்தான். இந்த ஊரில் ஒரு நல்ல மனிதனைக் காட்டு என்றால் என் கை அவர் பக்கம்தான் நீளும்.

"ஒரே தட்டுல ரெண்டு மூணு வெச்சா வேலை சீக்கிரம் முடியுமே?" என்று லொரெய்ன் கேட்டார்.

மெர்ல் கெட்ட வார்த்தையைக் கேட்டதுபோல் முகத்தைச் சுளித்தார். "ஒரு தட்டு, ஒரு வண்டி, ரெண்டு கை. நாங்க சர்ச்சுல தூங்கினாலும் தூங்குவோம், அதை மட்டும் மீற மாட்டோம்." பிறகு வெர்னாவின் கையில் ஒரு காபிக் கோப்பையைத் திணித்தார். "ஷெரீஃப்கிட்டப் போனியாமே? எதுக்கு வெர்னா இந்த அலைச்சல்? எத்தனை தடவை சொல்லியிருக்கேன். உன்னை நீயே மன்னிச்சுக்கோ. ஹார்லன் இருந்தா அதைத்தான் சொல்லுவான்."

வெர்னா தலையை மட்டும் ஆட்டினார்.

போட்டி மேஜை ஜிம்மின் நடுவில் இருந்தது. அந்த ரயிலைப் பார்த்ததும் எனக்கே குனிந்து பார்க்கத் தோன்றியது. இறக்கை இல்லாத இரண்டு விமானங்கள், மூக்கில் தார்ப்பாய் போர்த்திக்கொண்டு, மரக்கட்டைகளின் மேல் உட்கார்ந்திருந்தன. மூன்றாவது வண்டியில் இறக்கைகள் வரிசையாக நின்றன. கட்டியிருந்த நூல் ஒன்றுகூடத் தளரவில்லை. இரண்டாவது விமானத்தின் வாலில் நகக்கண் அளவுக்கு ஒரு சட்டை, இரண்டு காலுறை, அப்புறம் ஷெரீஃப் கைது செய்ய மறுத்த அந்த உள்ளாடை.

பக்கத்தில் டாக்டர் ட்ரூபி கழுத்துப் போ-டையைச் சரிசெய்தபடி, வருகிறவர்கள் போகிறவர்களிடமெல்லாம் பாராட்டு வாங்கிக்கொண்டிருந்தார்.

"டாக்டர், துணி காயப் போடற இந்த யோசனை எப்படி வந்துச்சு?" என்றேன்.

"கற்பனை, பெல்ட்ரான். கலைஞனுக்குக் கற்பனை வேணும்."

"பாஸ், இவன்தான்," என்று நான் லொரெய்னின் காதில் கடித்தேன். "கற்பனையாம்! வாயைத் திறந்தாலே பொய். அடுத்தவன் வாயை வேற திறக்கச் சொல்றான்."

"பொய்தான். எந்தப் பொய்யுன்னு பார்க்கணும்." லொரெய்ன் கண்ணால் ஓர் ஆளைத் தேடினார். "நடுவர் எல்வுட் யாரு?"

எல்வுட் நெப்ராஸ்காக்காரர். இந்த ஊரில் யாருக்கும் மாமனும் இல்லை, மச்சானும் இல்லை. லொரெய்ன் அவரை ஓரமாக அழைத்துப்போய்ப் பேசினார். திரும்பி வந்தபோது லொரெய்னின் சட்டையிலும் நடுவர் பட்டை குத்தியிருந்தது.

"இவங்க போட்டியில ஒரு வழக்கம் இருக்கு," என்றார். "வண்டியில எதை வெச்சாலும் நிஜத்துல அது இருந்துச்சுன்னு காட்டணும். நடுவர் சந்தேகப்பட்டா, செஞ்சவன் ஆதாரம் சொல்லணும். சொல்லலேன்னா மார்க் போச்சு."

"போனாப் போகுது. ரெண்டு மார்க்குக்காக யாராவது கொலையை ஒத்துப்பாங்களா?"

"நீ இவங்களை இன்னும் சரியாப் புரிஞ்சுக்கல, ஓட்டிஸ்."

* * *

மேஜையைச் சுற்றி ஆட்கள் நெருக்கியடித்து நின்றார்கள். வெர்னாவை முன்வரிசையில் நிற்க வைத்தேன். ஷெரீஃப் அனுப்பிய இளம் போலீஸ்காரன் கதவோரம் ரொட்டி தின்றுகொண்டிருந்தான். எல்வுட் ரயிலைச் சுற்றி வந்து பாராட்டிவிட்டு லொரெய்னைப் பார்த்தார்.

லொரெய்ன் குனிந்து அந்தக் கொடியைப் பார்த்தார். நிமிர்ந்தார். சத்தமாகச் சிரித்தார்.

"என்ன கூத்து இது? யுத்தக் காலத்துல ராணுவ ரகசியத்தை ஏத்திட்டுப் போற ரயில். அதுல உள்ளாடையைக் காயப் போடுவாங்களா? டாக்டர், இதுக்கு ஆதாரம் இருக்கா?"

ட்ரூபியின் நெற்றியில் வேர்த்தது. "அது... பார்க்கறவங்களுக்கு ஒரு சுவாரஸ்யத்துக்காக..."

"சுவாரஸ்யத்துக்கு சர்க்கஸ் போகலாம். ஆதாரம் இல்லேன்னா கொடியை எடுங்க. இல்லேன்னா மொத்த ரயிலுக்கும் மார்க் கிடையாது."

"எடுத்துட்டாப் போச்சு," என்று ட்ரூபி சட்டென்று கையை நீட்டினார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. செய்தவன் என்றால் விரலை வெட்டிக் கொடுப்பானே தவிர அதைத் தொடமாட்டான். இந்த மனிதருக்கு அது வெறும் குப்பை. நான் காலையிலிருந்து தப்பான ஆளின் மேல் பல்லைக் கடித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

"எடுங்க, எடுங்க," என்றார் லொரெய்ன். "உருப்படியா வேலை தெரிஞ்சவன் எவனும் இப்படி ஒரு அபத்தத்தைச் செய்யமாட்டான். சட்டையைக்கூட ஒழுங்கா மாட்டத் தெரியல. எவன் இப்படித் தலைகீழாத் தொங்க விடுவான்?"

ட்ரூபியின் விரல் நூலைத் தொடப்போனது.

"கையை எடு!"

கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தார் மெர்ல் ரெகியர். முகம் ரத்தமாகச் சிவந்திருந்தது.

"அது சரிதான்! எல்லாம் சரிதான்! ஒண்ணும் தெரியாம பேசாதீங்க!"

"எப்படிச் சரி?" லொரெய்ன் உதட்டைப் பிதுக்கினார். "நான் ரயில்வேலயே இருந்தவ. நான் பார்த்ததே இல்ல."

"நீங்க பார்க்கலேன்னா இல்லேன்னு ஆயிடுமா? போட்டோ இருக்கு! வால்லேர்ந்துதான் கயிறு போகுது! சட்டையைத் தலைகீழாத்தான் மாட்டியிருந்தான்! பக்கத்துல அந்தச் சிப்பாய் வெறுங்காலோட உக்காந்துக்கிட்டு, ஒரு பூட்ஸுக்குள்ள கையை விட்டுத் துடைச்சுக்கிட்டிருந்தான்! இதைப் போய் அபத்தம்னு..."

அவர் நிறுத்திவிட்டார். தானாகவே நிறுத்தவில்லை. எல்லோரும் ரயிலைப் பார்த்ததைப் பார்த்து நிறுத்தினார். அந்த ரயிலில் எந்தச் சிப்பாயும் இல்லை. ஹார்லனுக்குத் துணியைச் செய்யத்தான் நேரம் கிடைத்தது. ஆளைச் செய்ய நேரம் கிடைக்கவில்லை.

"வெர்னா," என்று லொரெய்ன் மெதுவாகக் கூப்பிட்டார். "நீங்க பார்த்த போட்டோல சிப்பாய் எப்படி இருந்தான்?"

வெர்னா மெர்லைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "வெறுங்காலோட. கையில பூட்ஸை மாட்டிக்கிட்டு."

"அது உங்க வீட்டுக்கு எப்ப வந்துச்சு?"

"அவர் செத்த அன்னிக்குக் காலையில."

"அதுக்கு முன்னாடி?"

"எம்போரியாவுல ஒரு பெட்டிக்குள்ள கிடந்துச்சு. அவரே அன்னிக்குத்தான் பார்த்தார்."

ட்ரூபி இரண்டு கையையும் தூக்கிவிட்டார். "எனக்கு ஒண்ணும் தெரியாது! மெர்ல்தான் கொடுத்தான்! ஹார்லனோடது மாதிரியே தானே செஞ்சதுன்னான். தன் பேர்ல வெச்சா வெர்னா மனசு கஷ்டப்படும், நீ வெச்சுக்கோன்னான்! பரிசு கிளப்புக்குத்தானேன்னு..."

"வாயை மூடுங்க டாக்டர். அகலமாத் திறக்கறது உங்க பேஷண்டுங்க வேலை," என்றேன்.

மெர்ல் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். "ஹார்லன் அன்னிக்குப் போன்ல சொன்னான்."

"சிப்பாயோட வெறுங்காலைக்கூடவா?" என்றார் லொரெய்ன். "சரி, சொன்னார்னே வெச்சுக்குவோம். வெர்னாவோட டீப் பையும் போன் வழியா வந்துச்சா? அவர் கையால வெட்டின துணி இங்க தொங்குதே."

மெர்லின் பெரிய உடம்பு அப்படியே தளர்ந்து போயிற்று.

"விபத்து," என்றார். "சத்தியமா விபத்து. வெளிப்பக்கப் படி வழியா இறங்கிப் போனேன், எப்பவும் போற மாதிரி. போட்டோவைக் காட்டினான். ஒரே ஒரு நாள் கொடுடான்னேன். கிளப்புல நான் கொண்டுபோய்க் காட்டறேன்னேன். மாட்டேன்னான். ரெண்டு பேரும் பிடிச்சு இழுத்தோம், சின்னப் பசங்க மாதிரி. என் குதிகால் ஹீட்டர்ல பட்டுச்சு. அது சாய்ஞ்சுடுச்சு. அவன் பின்னால விழுந்து, அலமாரி அவன் கால்மேல சரிஞ்சுடுச்சு. ஒரே தீ, ஒரே புகை. எனக்குக் கண்ணு தெரியல. கைக்குக் கிடைச்சதைத் தூக்கிக்கிட்டு மேலே ஓடி வந்துட்டேன். யாரா இருந்தாலும் அந்த நேரத்துல அதைத்தான் பண்ணியிருப்பாங்க."

அவர் அழுதார். என்ன கொடுமை என்றால், கூட்டத்தில் பாதிப் பேரின் முகம் இளகிவிட்டது. ஒருவர் அவர் தோளில் கையே வைத்துவிட்டார். "பாவம் மெர்ல்" என்று யாரோ முணுமுணுத்தார்கள். யாருக்கு வேண்டுமானாலும் நடக்கலாம் என்று அடுத்து சொல்லப்போகிறார்கள் என்பது எனக்குத் தெரிந்துபோயிற்று.

"கைக்குக் கிடைச்சது எது?" என்று கேட்டார் லொரெய்ன்.

"இந்த ரயில்தான்."

"முழுசா?"

மெர்ல் புரியாமல் பார்த்தார். புரிந்ததும் அவர் முகத்தில் இருந்த சிவப்பு இறங்கிப்போயிற்று.

"ஒரு தட்டு, ஒரு வண்டி, ரெண்டு கை," என்றார் லொரெய்ன். "காலையில நீங்கதான் சொன்னீங்க. ஓடி வந்தவன் கையில இருந்த வண்டியா இது? ஒரு நூல்கூட அறுந்து போகல. ஒரு இறக்கைகூட அசையல. நீங்க ஓடல, மெர்ல். அடிமேல் அடி வெச்சு வந்திருக்கீங்க. வெளியே ஒரு இடத்துல மெல்ல இறக்கி வெச்சிருக்கீங்க. அப்புறம் திரும்பி இறங்கியிருக்கீங்க. இங்க மூணு வண்டி நிக்குது."

தோளில் கை வைத்திருந்தவர் கையை எடுத்துக்கொண்டார்.

"மூணு தடவை போக வழி இருந்திருக்கு," என்று நான் கத்தினேன். என்னால் அடக்க முடியவில்லை. மேஜையை ஓங்கிக் குத்தினேன். "மூணு தடவை அந்த மனுஷனைத் தாண்டிப் போயிருக்கே! அலமாரியைத் தூக்க ரெண்டு கை போதுமேய்யா!"

"தம்பி, மேஜையைத் தட்டாதீங்க," என்றார் எனக்கு எதிரில் நின்ற ஒருவர் பதறிப்போய். "வண்டி தடம் புரண்டுடும்."

நான் அந்த ஆளைப் பார்த்தேன். இரண்டு கையையும் ரயிலுக்கு அணை கட்டினாற்போல் வைத்துக்கொண்டு நின்றார். அவர் மட்டுமல்ல. பக்கத்தில் இருந்த இன்னும் இரண்டு பேர் அதையே செய்துகொண்டிருந்தார்கள். நல்ல மனிதர்கள். யாரையும் கொன்றதில்லை. அந்த நிலவறையில் இவர்கள் இருந்திருந்தால் முதலில் எதைத் தூக்கியிருப்பார்கள் என்று கேட்க வாயைத் திறந்தேன். லொரெய்ன் என் கையைப் பிடித்து அழுத்தினார்.

"அவனேதான் சொன்னான்," என்றார் மெர்ல். யாரையும் பார்க்காமல் தரையைப் பார்த்துச் சொன்னார். "நம்புங்க. 'ரயிலை எடு'ன்னு ஹார்லனேதான் சொன்னான்."

வெர்னா அவருக்கு எதிரே வந்து நின்றார். மெர்லின் மார்பளவுகூட இல்லை அந்த அம்மாள்.

"சொல்லியிருப்பார்," என்றார். "முதல் தடவை சொல்லியிருப்பார். என் புருஷன் புத்தி எனக்குத் தெரியும். நீ ரெண்டாவது தடவை இறங்கி வந்தப்ப என்ன சொன்னார்?"

மெர்ல் மேஜையிலிருந்து ஓரடி பின்வாங்கினார்.

"பத்து மாசமா என் மேஜையில உக்காந்து சாப்பிட்டே. சொல்லு."

"காலை எடுத்து விடச் சொன்னான்."

"மூணாவது தடவை?"

கதவோரம் இருந்த போலீஸ்காரன் ரொட்டியைக் கீழே வைத்துவிட்டு நெருங்கி வந்தான். லொரெய்ன் அவனைக் கையால் நிறுத்தினார். மெர்ல் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார். அந்தக் கைகளுக்குள்ளிருந்துதான் குரல் வந்தது.

"உன்னைப் பத்திச் சொன்னான். 'ஹீட்டர் அவ வெச்சதுன்னு தன் மேலேயே பழியைப் போட்டுப்பா. அவ மேல தப்பில்லேன்னு மட்டும் வெர்னாகிட்டச் சொல்லிடு'ன்னான்."

வெர்னா அதை ஒருமுறை உதட்டுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டார். அந்தச் சொற்கள் அவரிடம் வந்து சேர வேண்டிய நாளில் அவர் சர்ச்சிலிருந்து திரும்பி, எரிந்த வீட்டு வாசலில் இதே மெர்லின் தோளில் சாய்ந்து, நான்தான் கொன்றேன் என்று கதறியிருக்கிறார்.

"ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும்," என்றார் வெர்னா. அதுவரை யாரும் கேட்டிராத குரல் அது. "ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் என் சோத்தைத் தின்னுட்டு, என்னையே நான் மன்னிச்சுக்கணும்னு எனக்குச் சொன்னே."

"வெர்னா..."

"மூணு தடவை போயிட்டு வந்தே. எல்லாத்தையும் பத்திரமாக் கொண்டு வந்தே, ஒரு நூல் அறுந்து போகாம. அவர் சொன்ன அந்த வார்த்தையை மட்டும் கொண்டு வரலியே நீ."